உங்கள் ஆப் ஃபைலின் முதல் இரண்டு எழுத்து யாருடையது? கணினி உலகைச் சுருக்கிய ஃபில் காட்ஸின் கதை

ஆண்ட்ராய்டு போனில் ஒரு ஆப் இன்ஸ்டால் செய்யும்போது வந்து இறங்கும் பொதிக்கு ஏபிகே என்று பெயர். அந்த ஃபைலின் முதல் இரண்டு பைட்டுகளை எழுத்தாக மாற்றிப் பார்த்தால் பி, கே என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் வரும். ஆபீஸில் தினமும் அனுப்பும் வேர்டு டாக்குமென்ட், எக்செல் ஷீட், மின்னூல்களுக்கான இபப் ஃபைல் என எதைத் திறந்தாலும் தொடக்கத்தில் இதே பி, கே தான்.

இது ஏதோ தொழில்நுட்பச் சொல்லின் சுருக்கம் இல்லை. ஒரு மனிதரின் இனிஷியல். அவர் பெயர் ஃபில் காட்ஸ். ஜிப் ஃபைலை உலகுக்குக் கொடுத்தவர். ஓடும் நிரலையே சுருக்கி வைக்கும் பிகேலைட் என்ற மென்பொருளும் அவர் நிறுவனத்தில் இருந்து வந்ததுதான். 2000ஆம் ஆண்டு ஏப்ரலில், 37 வயதில், ஒரு மோட்டல் அறையில் தனியாக இறந்துபோனார்.

உலகம் முழுக்க இடத்தை மிச்சப்படுத்திக் கொடுத்த ஒருவரின் வாழ்க்கை ஏன் இப்படி முடிந்தது? அவர் உண்மையில் என்ன கண்டுபிடித்தார், எதைக் கண்டுபிடிக்கவில்லை? பார்க்கலாம்.

யார் இந்த ஃபில் காட்ஸ்?

முழுப் பெயர் ஃபிலிப் வால்டர் காட்ஸ். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள மில்வாக்கி நகரில் 1962 நவம்பர் 3 அன்று பிறந்தார். பள்ளிப் படிப்பு நிக்கோலெட் உயர்நிலைப் பள்ளியில். பிறகு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மில்வாக்கி வளாகத்தில் கணினி அறிவியல் பட்டம்.

படிப்பு முடிந்ததும் மில்வாக்கியிலேயே ஆலன் பிராட்லி நிறுவனத்தில் புரோகிராமர் வேலை கிடைத்தது. தொழிற்சாலை இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு நிரல் எழுதும் வேலை. 1986இல் அங்கிருந்து விலகி கிரேசாஃப்ட் என்ற இன்னொரு உள்ளூர் மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தார். அதே ஆண்டு, தன் வீட்டிலேயே ஒரு சின்ன கம்பெனியும் தொடங்கினார். பெயர் பிகேவேர். அதாவது ஃபில் காட்ஸ் சாஃப்ட்வேர்.

அம்மா ஹில்டெகார்ட் வியாபாரப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டார். மகன் நிரல் எழுதினார். 1987இல் வேலையை விட்டுவிட்டு முழு நேரமாக இதிலேயே இறங்கிவிட்டார் காட்ஸ்.

இடம் ஏன் அவ்வளவு பெரிய பிரச்சினை?

இன்றைக்கு 128 ஜிபி போனே போதவில்லை என்கிறோம். அன்றைய நிலைமை வேற மாதிரி. 1983இல் வந்த ஐபிஎம் எக்ஸ்டி கணினியின் ஹார்டு டிஸ்க் வெறும் 10 எம்பி. பலரிடம் அதுகூட இல்லை. 360 கேபி ஃபிளாப்பி டிஸ்க்தான். இப்போது போனில் எடுக்கும் 4 எம்பி போட்டோ ஒன்றை வைக்க அப்படி 12 ஃபிளாப்பி வேண்டும்.

வேகமும் அப்படித்தான். ஃபிளாப்பி நிமிடத்துக்கு 300 முறை சுற்றும். ஒரு சுற்றில் ஒரு பக்கத்தில் 9 துண்டுகள், துண்டுக்கு 512 பைட். கணக்குப் போட்டால் அதிகபட்சம் நொடிக்கு 22.5 கேபிதான் படிக்க முடியும். 180 கேபி நிரல் ஒன்றைத் திறக்க, எல்லாம் சரியாக நடந்தாலே 8 நொடி. நடைமுறையில் அதைவிடக் கூடுதல்.

இணையம் வீட்டுக்கு வராத காலம் அது. கணினி ஆர்வலர்கள் டெலிபோன் லைனில் மோடம் மாட்டி, பிபிஎஸ் எனப்பட்ட தனியார் தகவல் பலகைகளுக்கு டயல் செய்து ஃபைல்களைப் பரிமாறிக்கொண்டார்கள். 2400 பிட் மோடத்தில் நொடிக்குச் சுமார் 240 பைட் வரும். ஒரு ஃபிளாப்பி அளவுள்ள ஃபைலை இறக்க 25 நிமிடத்துக்கு மேல் ஆகும். வெளியூர் நம்பர் என்றால் அவ்வளவு நேரமும் எஸ்டிடி கட்டணம் மாதிரி மீட்டர் ஓடும்.

ஆக, ஃபைலைப் பாதியாகச் சுருக்க முடிந்தால் டிஸ்கும் மிச்சம், நேரமும் மிச்சம், போன் பில்லும் மிச்சம். காட்ஸ் கை வைத்தது இந்த இடத்தில்தான்.

ஆர்க்: காட்ஸுக்கு முன்பே இருந்த மென்பொருள்

ஃபைல் சுருக்கும் மென்பொருளைக் காட்ஸ் முதலில் எழுதவில்லை. 1985இல் தாம் ஹெண்டர்சன் என்பவர் ஆர்க் என்ற மென்பொருளை வெளியிட்டிருந்தார். பல ஃபைல்களை ஒன்றாகச் சேர்த்து, சுருக்கியும் கொடுக்கும். நியூஜெர்சியில் அவர் குடும்பத்தினரோடு நடத்திய எஸ்இஏ என்ற சிறு நிறுவனத்தின் தயாரிப்பு அது. பிபிஎஸ் உலகம் முழுக்க ஆர்க்தான் ஓடியது. அதன் மூல நிரலையும் ஹெண்டர்சன் பொதுவில் கிடைக்கும்படி வைத்திருந்தார்.

ஆனால் ஆர்க் மெதுவானது. ஏன்னா, அது சி மொழியில் எழுதப்பட்டிருந்தது. காட்ஸ் அதோடு ஒத்துப்போகும் பிகேஎக்ஸ்ஆர்க், பிகேஆர்க் என்ற மென்பொருள்களை வெளியிட்டார். முக்கியமான பகுதிகளைக் கணினிச் சில்லுக்கு நேரடியாகப் புரியும் நிலைக்கு நெருக்கமான அசெம்பிளி மொழியில் மாற்றி எழுதியிருந்தார். வேகம் எகிறியது. மக்கள் கூட்டம் கூட்டமாகப் பிகேஆர்க்குக்கு மாறினார்கள்.

இரண்டுமே ஷேர்வேர் முறையில் வந்தவை. முதலில் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், பிடித்திருந்தால் பணம் அனுப்பலாம். பயனர்கள் பிகேஆர்க் பக்கம் போனால் ஹெண்டர்சன் குடும்பத்துக்கு வருமானம் குறையும். அவ்வளவுதான் கணக்கு.

நீதிமன்றத்தில் காட்டிக்கொடுத்த எழுத்துப் பிழை

1988இல் எஸ்இஏ வழக்குப் போட்டது. பதிப்புரிமை மீறல், வணிகக்குறி மீறல் என்று குற்றச்சாட்டு. இரண்டு மென்பொருள்களின் நிரலையும் ஒப்பிட ஒரு சுதந்திரமான நிபுணர் நியமிக்கப்பட்டார்.

புரோகிராமர்கள் நிரலுக்கு நடுவே தங்கள் நினைவுக்காகச் சில குறிப்புகளை எழுதி வைப்பார்கள். கணினி அதைக் கண்டுகொள்ளாது. காட்ஸின் நிரலில் இருந்த குறிப்புகள் பல இடங்களில் ஆர்க்கில் இருந்தவையாகவே இருந்தன. எழுத்துப் பிழைகள்கூட அப்படியே வந்திருந்தன. பிகேஆர்க், ஆர்க்கில் இருந்து உருவானதே என்ற முடிவுக்கு நிபுணர் வந்தார்.

அதே ஆண்டு சமரசம் ஆனது. காட்ஸ் தரப்பு கடந்த கால விற்பனைக்காக 22,500 டாலரும், வழக்குச் செலவுக்காக 40,000 டாலரும் தர வேண்டி வந்தது. 1989 ஜனவரி 31க்குப் பிறகு ஆர்க்கோடு ஒத்துப்போகும் எதையும் வெளியிடக் கூடாது என்பதும் நிபந்தனை.

சட்டப்படி தோற்றது காட்ஸ். ஆனால் மக்கள் மன்றத்தில் நடந்தது நேர் எதிர். பெரிய கம்பெனி ஒன்று தனி ஆளை நசுக்குகிறது என்றே பிபிஎஸ் உலகம் இதைப் பார்த்தது. எஸ்இஏவும் ஒரு சின்ன குடும்ப நிறுவனம்தான் என்பது பலர் காதில் ஏறவில்லை. ஹெண்டர்சனுக்கு வசவுக் கடிதங்கள் குவிந்தன. பிபிஎஸ் நடத்தியவர்கள் தங்களிடம் இருந்த ஆர்க் ஃபைல்களை எல்லாம் தூக்கிவிடத் தயாரானார்கள். மாற்று ஒன்று வந்தால் போதும் என்ற நிலை.

ஜிப் பிறந்தது

1989இன் தொடக்கத்தில் காட்ஸ் அந்த மாற்றைக் கொண்டுவந்தார். பிகேஜிப். இந்த முறை ஃபைல் அமைப்பே புதிது. ஆங்கிலத்தில் ஜிப் என்றால் சட்டென்று பறந்து போவது என்று ஒரு பொருள் உண்டு. ஆர்க்கைவிட வேகம் என்று காட்ட நண்பர் ஒருவர் சொல்லிக்கொடுத்த பெயர் அது. ஒவ்வொரு ஜிப் ஃபைலின் தொடக்கத்திலும் தன் இனிஷியலைப் பொறித்தார் காட்ஸ்.

அப்போது அவர் எடுத்த ஒரு முடிவுதான் எல்லாவற்றையும் மாற்றியது. ஜிப் ஃபைல் எப்படி அமைந்திருக்கிறது என்ற முழு விவரத்தையும் ஓர் ஆவணமாக எழுதி, யார் வேண்டுமானாலும் இதைப் படிக்கலாம், எழுதலாம், சொந்த மென்பொருளில் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார். வழக்கில் அடிபட்ட மனிதர், தன் அமைப்புக்கு வேலி போடவில்லை. சில மாதங்களிலேயே ஆர்க் ஓரங்கட்டப்பட்டது.

ஜிப் அமைப்பில் இன்னொரு புத்திசாலித்தனமும் உண்டு. உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் ஃபைலின் கடைசியில் இருக்கும். அதனால் முன்பக்கம் ஒரு குட்டி நிரலை ஒட்ட வைத்தாலும் ஜிப் கெடாது. இப்படி ஒட்டினால் அந்த ஃபைலை ஓடவிட்டதும் அதுவே தன்னை விரித்துக்கொள்ளும். பிகேஜிப் கையில் இல்லாதவருக்கும் ஃபைல் அனுப்பலாம்.

ஓடும் நிரலையே சுருக்கலாமா?

ஜிப்பில் ஒரு குறை உண்டு. சுருக்கி வைத்த நிரலை அப்படியே ஓடவிட முடியாது. முதலில் விரித்து டிஸ்க்கில் வைக்க வேண்டும். அப்புறம்தான் இயக்க முடியும். விரித்ததும் டிஸ்க் இடம் மறுபடி போச்சு.

இதற்கு ஒரு தீர்வு இருந்தது. ஆன்லைனில் மெத்தை ஆர்டர் செய்தால் சுருட்டி, காற்றை உறிஞ்சி, சின்ன பெட்டியில் அனுப்புகிறார்கள் இல்லையா? கவரை வெட்டியதும் மெத்தை தானே உப்பிக்கொள்ளும். ஜிப் என்பது துணி மடித்து வைத்த சூட்கேஸ். நாம்தான் திறந்து எடுக்க வேண்டும். சுருக்கப்பட்ட நிரல் என்பது இந்த மெத்தை.

மைக்ரோசாஃப்ட்டிடம் எக்ஸ்இபேக் என்ற எளிய கருவி ஏற்கெனவே இருந்தது. 1989 வாக்கில் பிரான்ஸைச் சேர்ந்த ஃபாப்ரிஸ் பெல்லார்ட் என்ற பதின்ம வயது இளைஞர் எல்இசட்இஎக்ஸ்இ என்ற கருவியை எழுதினார். பின்னாளில் இன்றைய வீடியோ உலகம் நம்பியிருக்கும் எஃப்எஃப்எம்பெக்கைத் தொடங்கியவரும் இவர்தான். 1990இல் பிகேவேர் இந்தக் களத்துக்குக் கொண்டுவந்ததுதான் பிகேலைட்.

பிகேலைட் எப்படி வேலை செய்தது?

டாஸ் கணினியில் நிரல்கள் இஎக்ஸ்இ அல்லது காம் என்ற பின்னொட்டோடு இருக்கும். பிகேலைட் அந்த ஃபைலை எடுத்து மூன்று வேலை செய்யும்.

முதலில், உள்ளே இருக்கும் கட்டளைகளையும் தரவுகளையும் சுருக்கும். நிரலில் ஒரே மாதிரியான கட்டளை வரிசைகள், வெற்றுப் பூஜ்யங்கள், திரையில் காட்டும் வாசகங்கள் என்று திரும்பத் திரும்ப வருபவை ஏராளம். சுருக்க நிறைய இடம் உண்டு.

இரண்டாவது, நிரல் நினைவகத்தில் எங்கே போய் உட்காருகிறதோ அதற்கேற்ப மாற்ற வேண்டிய முகவரிகளின் பட்டியலையும் சேர்த்துச் சுருக்கும்.

மூன்றாவது, ஃபைலின் முகப்பில் ஒரு குட்டி விரிப்பான் நிரலை வைக்கும்.

பயனர் வழக்கம்போல நிரலின் பெயரைத் தட்டுவார். டாஸ் அந்தச் சிறிய ஃபைலைப் படித்து நினைவகத்தில் ஏற்றும். முதலில் ஓடுவது விரிப்பான். அது அசல் நிரலை நினைவகத்திலேயே விரிக்கும், முகவரிகளைச் சரிசெய்யும், பிறகு அசல் நிரலின் தொடக்கத்துக்குக் கட்டுப்பாட்டைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும். பயனருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஃபைலின் பெயரும் மாறாது.

இதில் ஒரு விஷயம் முக்கியம். போட்டோவைச் சுருக்கும்போது கண்ணுக்குத் தெரியாத விவரங்களைக் கொஞ்சம் தூக்கி எறியலாம். நிரலில் அந்தப் பேச்சே கிடையாது. ஒரே ஒரு பிட் தவறினாலும் நிரல் கவிழலாம். விரித்தபின் அசலும் நகலும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும்.

சுருக்கினால் லோடிங் நேரம் எப்படிக் குறையும்? விரிக்கக் கூடுதல் நேரம் ஆகாதா? ஆகும். ஆனால் டிஸ்க் மிக மெதுவானது, பிராசஸர் அதைவிடப் பல மடங்கு வேகமானது. முன்பு பார்த்த 180 கேபி நிரல் பாதியாகச் சுருங்கினால் ஃபிளாப்பியில் இருந்து படிக்க 8 நொடிக்குப் பதில் 4 நொடி போதும். விரிப்பதற்கு அந்த மிச்சமான 4 நொடியில் ஒரு பகுதி செலவானாலும் லாபம்தான். டாஸ் காலத்து நிரல்கள் பல ஏறக்குறைய பாதியாகச் சுருங்கவும் செய்தன.

ஆனால் ரேம் மிச்சமாகாது. விரிந்த பிறகு நிரலுக்கு முழு நினைவகமும் தேவை. பிகேலைட் மிச்சப்படுத்தியது டிஸ்க் இடத்தையும் படிக்கும் நேரத்தையும் மட்டும்தான்.

இதில் சிக்கலே இல்லையா?

இருந்தது. முதல் சிக்கல் வைரஸ். அன்றைய வைரஸ் ஸ்கேனர்கள் ஃபைலுக்குள் வைரஸின் கைரேகை போன்ற பைட் வரிசையைத் தேடின. வைரஸ் தொற்றிய நிரலை யாராவது அதன்பின் சுருக்கிவிட்டால் அந்தக் கைரேகை அடையாளம் தெரியாமல் மாறிவிடும். ஸ்கேனர் நல்ல ஃபைல் என்று விட்டுவிடும். அதனால் ஸ்கேனர் தயாரித்தவர்கள் பிகேலைட், எல்இசட்இஎக்ஸ்இ ஃபைல்களை விரித்துப் பார்க்கவும் தங்கள் மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டி வந்தது. இன்றும் தீங்கு நிரல் எழுதுபவர்கள் இதே உத்தியைப் பயன்படுத்துகிறார்கள்.

இரண்டாவது சிக்கல், விரிப்பான் நிரலிலேயே பிழை இருந்தால் என்ன ஆகும் என்பது. மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்இபேக்கில் இது நடந்தது. நினைவகத்தின் முதல் 64 கேபிக்குள் நிரல் போய் உட்கார்ந்தால் அந்த விரிப்பான் குழம்பிவிடும். ஃபைல் கெட்டுப்போய்விட்டதாகத் திரையில் செய்தி வரும். பழைய டாஸில் அந்த இடத்தை டாஸே அடைத்துக்கொண்டிருந்ததால் பிரச்சினை வெளியே தெரியவில்லை. டாஸ் 5 கீழே இடத்தைக் காலி செய்து கொடுத்ததும், நேற்று வரை ஓடிய நிரல்கள் திடீரென்று அழுதன. ஃபைலில் ஒரு கோளாறும் இல்லை. இதைச் சமாளிக்கவே லோடுஃபிக்ஸ் என்று தனியாக ஒரு கட்டளையை மைக்ரோசாஃப்ட் சேர்த்தது.

உலகம் முழுக்கப் பரவிய டிஃப்ளேட்

காட்ஸின் மிகப் பெரிய பங்களிப்பு 1993இன் தொடக்கத்தில் முழுமையாக வந்தது. பிகேஜிப் 2.04 பதிப்பில் டிஃப்ளேட் என்ற சுருக்கும் முறையை அவர் அறிமுகப்படுத்தினார்.

இதற்குள் இரண்டு பழைய யோசனைகள் உள்ளன. ஒன்று, இஸ்ரேலைச் சேர்ந்த ஆபிரகாம் லெம்பெல், ஜேக்கப் ஜிவ் இருவரும் 1977இல் வெளியிட்டது. மதுரை பஸ் வந்தது, மதுரை பஸ் போனது என்று ஒரு வரி இருந்தால் இரண்டாவது மதுரை பஸ்ஸை மறுபடி எழுத வேண்டாம். இத்தனை எழுத்து பின்னால் போ, இத்தனை எழுத்தை நகலெடு என்று இரண்டு எண்கள் போதும். டிஃப்ளேட் இப்படி 32 கேபி தூரம் வரை பின்னால் திரும்பிப் பார்க்கும், ஒரே வீச்சில் 258 பைட் வரை நகலெடுக்கும்.

இரண்டாவது யோசனை டேவிட் ஹஃப்மன் 1952இல் வெளியிட்டது. அடிக்கடி வருவதற்குச் சின்ன குறியீடு, அரிதாக வருவதற்கு நீளமான குறியீடு. தினமும் பேசும் நண்பரின் நம்பரை ஸ்பீடு டயலில் வைப்பது மாதிரி.

இரண்டையும் சேர்த்தால் நன்றாக வேலை செய்யும் என்பது மட்டும் காட்ஸின் சாதனை இல்லை. அதைச் சாதாரண வீட்டுக் கணினியில் வேகமாக ஓடவைத்ததும், அந்த முறையையும் ஆவணத்தில் எழுதித் திறந்து வைத்ததும்தான் சாதனை. அன்று பரவலாக இருந்த எல்இசட்டபிள்யூ என்ற முறைக்கு யூனிசிஸ் நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது. ஜிஃப் படங்கள் அதைத்தான் பயன்படுத்தின. 1990களின் நடுவில் யூனிசிஸ் உரிமக் கட்டணம் கேட்டதும் இணைய உலகம் மாற்று தேடியது. கையில் தயாராக இருந்தது டிஃப்ளேட். பிஎன்ஜி படங்கள் அதை வைத்தே பிறந்தன. ஜான்லூப் கையியும் மார்க் ஆட்லரும் அதையே வைத்து ஜிஜிப், ஜெட்லிப் என்ற இலவச மென்பொருள்களை எழுதினார்கள். 1996இல் டிஃப்ளேட் இணையத் தரநிலை ஆவணமாகவும் பதிவானது.

இன்று நீங்கள் ஒரு இணையப் பக்கத்தைத் திறக்கும்போது அது பெரும்பாலும் சுருக்கப்பட்டுத்தான் வருகிறது. பல தளங்களில் அந்தச் சுருக்கத்தைச் செய்வது டிஃப்ளேட்.

விண்டோஸ் வந்தது, காட்ஸ் வரவில்லை

பிகேவேர் கோடிகளில் புரளும் நிறுவனமானது. ஆனால் காட்ஸுக்கு நிரல் எழுதுவதில் இருந்த நாட்டம் நிறுவனம் நடத்துவதில் இல்லை. குடும்பத்தினர்தான் அதைப் பார்த்துக்கொண்டார்கள். பணத்தை யார் கையாள்வது என்பதில் விரிசல் விழுந்தது. கடைசியில் குடும்பத்தினரையே நிறுவனத்தில் இருந்து வெளியேற்றினார் காட்ஸ். வீட்டில் தொடங்கிய கம்பெனியில் வீட்டு ஆட்கள் இல்லாமல் போனார்கள்.

இன்னொரு தவறும் நடந்தது. உலகம் டாஸில் இருந்து விண்டோஸுக்கு மாறிக்கொண்டிருந்தது. அசெம்பிளி மொழியில் ஒவ்வொரு நொடியையும் செதுக்கிப் பழகிய காட்ஸுக்கு விண்டோஸ் பிடிக்கவில்லை. அவர் தயங்கிய நேரத்தில் நிக்கோ மாக் என்பவர் 1991இல் வின்ஜிப்பைக் கொண்டுவந்தார். தொடக்கத்தில் அது பிகேஜிப்புக்கு ஒரு முகப்பாகத்தான் இருந்தது. கட்டளை தட்ட வேண்டாம், மவுஸால் கிளிக் செய்தால் போதும். விண்டோஸ் தலைமுறைக்கு ஜிப் என்றாலே வின்ஜிப் என்று ஆகிப்போனது.

ஒரு காலத்தில் ஹெண்டர்சனுக்கு நடந்தது இப்போது காட்ஸுக்கு நடந்தது. ஒரு வித்தியாசம் உண்டு. ஜிப் அமைப்பை யாரும் பயன்படுத்தலாம் என்று எழுதிக் கொடுத்தது காட்ஸேதான். வழக்குப் போடவும் வழியில்லை.

பிகேலைட்டின் காலமும் மெதுவாக முடிந்தது. விண்டோஸ் நிரல்களைத் தேவைப்படும்போது துண்டு துண்டாக டிஸ்க்கில் இருந்து எடுக்கும். சுருக்கிய நிரலில் அது முடியாது. தொடக்கத்திலேயே முழுவதையும் விரித்தாக வேண்டும். ஒரே நிரலை இரண்டு முறை திறந்தால் அதன் பொதுப் பகுதியைப் பகிர்ந்துகொள்ளவும் முடியாது. ஹார்டு டிஸ்க் விலையும் சரிந்தது. நிரலைச் சுருக்கும் தேவை குறைந்துகொண்டே போனது.

கடைசி ஆண்டுகள்

காட்ஸின் குடிப்பழக்கம் 1990களில் கையை மீறிப் போனது. போதையில் கார் ஓட்டியதாகப் பலமுறை கைதானார். ஓட்டுநர் உரிமம் பறிபோனது. கைது வாரன்ட்டுகள் நிலுவையில் இருந்ததால் சொந்த வீட்டுக்குப் போவதைத் தவிர்த்து, ஹோட்டல், மோட்டல் என்று மாறி மாறித் தங்கினார். அவர் பெயரில் ஓடிய நிறுவனத்தின் ஆபீஸ் பக்கமும் அரிதாகவே போனார்.

அவருடைய ஃபைல் அமைப்பை உலகின் மூலைமுடுக்கில் எல்லாம் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அவர் எங்கே இருக்கிறார் என்பது நெருங்கியவர்களுக்கே தெரியாமல் இருந்தது.

2000 ஏப்ரல் 14 அன்று மில்வாக்கியின் தென்பகுதியில் உள்ள ஒரு மோட்டல் அறையில் அவர் இறந்து கிடந்தார். நீண்ட காலக் குடியால் கணையத்தில் ஏற்பட்ட ரத்தக் கசிவுதான் காரணம் என்று தெரியவந்தது. வயது 37. அடுத்த ஆண்டு பிகேவேர் நிறுவனம் கைமாறியது.

இன்று என்ன மிச்சம்?

காட்ஸைத் திருடன் என்பவர்களும் உண்டு, மேதை என்பவர்களும் உண்டு. பதிவில் இருப்பவை இரண்டுக்கும் இடம் கொடுக்கின்றன. பிகேஆர்க் விஷயத்தில் நிரல் நகலெடுக்கப்பட்டிருந்தது. ஹெண்டர்சனின் கோபத்துக்கு நியாயம் இருந்தது. டிஃப்ளேட் விஷயத்தில் காட்ஸ் செய்தது அசல் வேலை. அதை அவர் பூட்டி வைக்கவில்லை. ஜிப் அமைப்பின் விவர ஆவணத்தைப் பிகேவேர் நிறுவனம் இன்றுவரை பொதுவில் வெளியிட்டு வருகிறது.

ஜாவாவின் ஜார் ஃபைல், 2007 முதல் வந்த வேர்டு, எக்செல் ஃபைல்கள், இபப், ஏபிகே, ஐபோன் ஆப்களின் ஐபிஏ என எல்லாமே உள்ளே ஜிப்தான். பின்னொட்டு மட்டும் வேறு. ஒரு வேர்டு ஃபைலின் நகலை எடுத்து, பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே எழுத்து ஒரு ஃபைலாகவும் படங்கள் தனித் தனி ஃபைல்களாகவும் அடுக்கி இருக்கும்.

நிரலைச் சுருக்குவதா, வேண்டாமா என்ற பழைய கேள்வியும் ஓயவில்லை. யுபிஎக்ஸ் என்ற இலவசக் கருவி பிகேலைட் செய்த அதே வேலையை விண்டோஸ், லினக்ஸ் நிரல்களுக்கு இன்றும் செய்கிறது. ஆண்ட்ராய்டில் கணக்கு தலைகீழாகிவிட்டது. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், ஆப்பின் சில நிரல் நூலகங்களைச் சுருக்காமலேயே ஏபிகேவுக்குள் வைத்து, அங்கிருந்தே நேரடியாக ஓடவிட வழி வந்தது. சுருக்கி வைத்தால் விரித்த நகல் ஒன்றும் போனில் சேர்ந்து உட்கார்ந்து இடத்தை இரட்டிப்பாக அடைக்கும். ஃபிளாப்பி காலத்தில் சுருக்கினால் இடம் மிச்சம். இங்கே சுருக்காமல் விட்டால் இடம் மிச்சம்.

எது லாபம் என்பதை டிஸ்க்கின் வேகமும் பிராசஸரின் வேகமும்தான் முடிவு செய்கின்றன. காட்ஸ் 1990இல் போட்ட அதே கணக்கைத்தான் ஆப் எழுதுபவர்கள் ஒவ்வொரு புதிய பதிப்பு வெளியிடும்போதும் மறுபடி போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.